தும்மினவளுக்கு ஒரு நூறு

இப்போதெல்லாம் தும்மினால் போதும், பக்கத்தில் இருக்கிறவர்கள் "பிளெஸ் யூ" என்று சொல்லிவிடுகிறார்கள். பேங்கில் சொல்கிறார்கள், பஸ்ஸில் சொல்கிறார்கள். போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். ஒரு தும்மல் வந்தது. எதிர் பெஞ்சிலிருந்து யாரோ ஒரு பெண் "பிளெஸ் யூ பாட்டி" என்றாள். "அதுக்கு என்ன அர்த்தம் சாமி?" என்று கேட்டேன். "சும்மா சொல்றதுங்க பாட்டி. ஒரு மரியாதைக்கு" என்றாள்.

சும்மா சொல்றதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பெண்மேல் என்ன தப்பு, பாவம். அவளுக்கு என்ன தெரியும். மருந்து விட்ட கண்ணோடு சண்டைக்குப் போகவும் முடியாது. 

அந்த வார்த்தை முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சிங்காநல்லூரில். அது எங்கிருந்து வந்தது, எதற்காகச் சொல்கிறார்கள் என்று அன்றைக்கு ஒரு டீச்சரைக் குடைந்து குடைந்து கேட்டேன். இங்கிலீஷ் படிக்கிற ஆசையெல்லாம் இல்லை. என் மகள் தும்முவதை நிறுத்திவிட்டிருந்தாள். அவளை எப்படியாவது தும்ம வைக்க வேண்டியிருந்தது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் வாழ்க்கைப்பட்டது தாராபுரத்தில். மாமனார், என் வீட்டுக்காரர், நான், மகள், இவ்வளவுதான் குடும்பம். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பஞ்சும் நிலக்கடலையும் வாங்கி விற்கிற வீடு. மேலே பரண் மாதிரி அட்டாலி, அது முழுக்க மூட்டை. மூட்டை இருந்தால் எலி இருக்கும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் பிளேக் வந்த வருசம் எலி ஓடினால் சந்தோசம், எலி விழுந்தால்தான் பயம். ஒரு வீட்டில் எலி தானாகச் செத்து விழுந்துவிட்டால் அந்த வீட்டுக்குள் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே கதவைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே தோட்டத்துச் சாளைக்கு, அங்கே போட்டிருக்கிற கூரை வீட்டுக்கு, போய்விட வேண்டும். ஓட்டைப் பிரித்து உள்ளே வெயில் விழ விட்டு, வெள்ளையடித்து, மாதக்கணக்கில் கழித்துத்தான் திரும்பி வருவார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு திங்கட்கிழமை காலையில் விழுந்தது. அட்டாலி ஏணிக்கு அடியில், நான் பால் காய்ச்ச எழுந்து போகிற வழியில் கிடந்தது. மாமனார் பார்த்தார். "கெளம்புங்க" என்றார். வண்டி பூட்டியாயிற்று. வெள்ளகோவில் போகிற வழியில் எங்கள் தோட்டம். குண்டா, குடம், படுக்கை, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றியாயிற்று. என் வீட்டுக்காரர் கடைசியாக அட்டாலியில் ஏறி, நனையக் கூடாத மூட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். தலையெல்லாம் பஞ்சு. அப்படியே மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் ஒரு காலை வெளியே வைத்தார்.

மகள் தும்மினாள். ஒரே ஒரு தும்மல்.

எங்கள் வீட்டில் தும்மலுக்கு இரண்டு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் குழந்தை தும்மினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் "நூறு" என்போம். நூறு வயசு இரு என்று அர்த்தம். அடுத்த தும்மலுக்கு "இருநூறு". குழந்தைக்கு அது ஒரு விளையாட்டு. ஆனால் வெளியே கிளம்புகிற நேரத்தில் யாராவது ஒற்றைத் தும்மல் தும்மினால் அது சகுனத் தடை. வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இரட்டைத் தும்மல் என்றால் தோசமில்லை. அதனால் எல்லாரும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம், இன்னொன்று வருமா என்று. என் வீட்டுக்காரர் தன் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துத் திரி மாதிரி திரித்து அவள் மூக்கில் விட்டார். "இன்னொண்ணு தும்மு கண்ணு, அப்பாரு வண்டிய உடுவாரு" என்றார், மாமனாரைக் காட்டி. அவளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி இருந்திருக்கும். கிளுகிளு என்று சிரித்தாளே ஒழியத் தும்மல் வரவில்லை.

"உள்ள வாங்க" என்றார் மாமனார்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தோம். அதோடு கிளம்பியிருக்கலாம். சாதாரண நாளாக இருந்தால் கிளம்பியிருப்போம். செத்த எலி கிடக்கிற வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது தும்மல் விழுந்ததால் மாமனாருக்கு மனசு ஒப்பவில்லை. பூக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கோயிலுக்குப் போனார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். சிவப்பு வந்தது. அன்றைக்குப் போகவில்லை. அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் யார் வீட்டைப் பூட்டிக் கிளம்புவார்கள்? புதன்கிழமை வெடியால வண்டி பூட்டினோம். என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறும்போதே உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது.

சாளையில் அவரைத் தனியாகக் கட்டிலில் போட்டு வைத்திருந்தோம். அந்த வாரம் முடிவதற்குள் அவர் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லை என்றால் வரவே இல்லை. ஒப்புக்குக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. மாமனார் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தபோது, இவர் எதற்கு இப்படிச் சத்தம் போடுகிறார் என்றுதான் தோன்றியது. அடுப்பில் உலை வைத்தேன், இறக்கினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். கையும் காலும் தன்பாட்டுக்கு அதது வேலையைச் செய்துகொண்டிருந்தன.

பிளேக் சாவுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர் யாரும் கிட்டே வர மாட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே துக்கம் கேட்டார்கள். அங்கிருந்து இங்கே கேட்க வேண்டும் என்றால் சத்தமாகத்தானே பேச வேண்டும்? மற்ற இழவு வீட்டில் காதோடு காதாகப் பேசுகிறதையெல்லாம் இவர்கள் வேலிக்கு அப்பாலிருந்து கத்திக் கத்திப் பேசினார்கள். "புள்ள ஒத்தத் தும்மல் தும்முச்சாமா!" என்று ஒருத்தி கத்துவாள். "அப்பவே காட்டிக் குடுத்துருச்சு!" என்று இன்னொருத்தி. ஆளுக்கு ஆள் இதையே. அந்தச் சிவப்புப் பூவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையைச் சொல்லவில்லை. சாமியைச் சொல்வார்களா, அதுவும் இல்லை. தும்மல் ஒன்றுதான் எல்லார் வாயிலும் கிடந்தது. மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு. தன்னை யாரும் திட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் கணக்கு வேறு மாதிரி போட்டுக்கொண்டாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து என் அண்ணன் வந்து எங்கள் இரண்டு பேரையும் சிங்காநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலையிலிருந்து கரண்டு வந்து ஊரைச் சுற்றிலும் மில்லுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அண்ணன் ஒரு மில்லில் மேஸ்திரி. கல்யாணம் ஆகாதவர், வீட்டில் சோறாக்க ஆள் இல்லை. எனக்கும் எங்கேயாவது இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அவர் வீட்டில் சோறாக்கினேன். மகளை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார் அண்ணன். காலையில் மில் சங்கு ஊதும், சாயங்காலம் சங்கு ஊதும். நடுவில் நான் என்ன நினைத்தேன், என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்கு ஞாபகமே இல்லை. ருசி தெரியாமல் சாப்பிட்டேன். யாராவது கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழும்.

அண்ணன் ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். உள்ளே வந்ததும் சட்டையைக் கழற்றி உதறி ஆணியில் மாட்டுவார். அவர் வருகிற சத்தம் கேட்டாலே மகள் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் கிணற்றடிக்கு ஓடிவிடுவாள். அவர் வேலைக்குக் கிளம்பும்போதும் அப்படித்தான். வாசலில் அவள் நிற்கவே மாட்டாள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டித் திரும்பி வருவாள். "என்ன கண்ணு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்" என்பாள். நானும் சரி என்று விட்டுவிடுவேன். கண் பார்த்ததெல்லாம் அப்போது எனக்கு உள்ளே போய்ச் சேரவில்லை.

ஒரு நாள் பொழுதோட, விளக்கு வைப்பதற்கு முன்னால், பள்ளிக்கூடத்து டீச்சர் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கிறிஸ்தவப் பெண், என் வயசுதான் இருக்கும், நல்ல மாதிரி. "ஏனுங்க, உங்க புள்ளைக்கு என்னங்க ஆச்சு?" என்றார். நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்துப் பெரிய அம்மா, அதை நடத்துகிற வெள்ளைக்காரச் சீமாட்டி, வகுப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பிக் கதவுக்கிட்டே போயிருக்கிறார். சுண்ணாம்புக் கட்டித் தூசியோ என்னவோ, இவள் அடக்கப் பார்த்து முடியாமல் தும்மிவிட்டாள். அந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்து "காட் பிளெஸ் யூ" என்றிருக்கிறார். இவள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டாள். வெளியே வரவே இல்லை. "பெரிய அம்மா செத்துப் போயிருவாங்க, போகச் சொல்லாதீங்க" என்று ஒரே அழுகையாம்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவளை முழுசாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். இளைத்துப் போயிருந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் நகம் பட்ட காயம்.

டீச்சரை உட்கார வைத்து மோர் கொடுத்தேன். தாராபுரத்துக் கதையைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு நான் கேட்டேன்: "அந்தம்மா என்னமோ சொன்னாங்களே, அது என்னங்க?"

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்னு அர்த்தமுங்க."

"எதுக்கு? தும்முனதுக்கா?"

"ஆமாங்க. அவுங்க தேசத்துல யாரு தும்முனாலும் சொல்லுவாங்க."

"தும்முனவுங்களுக்கா, இல்ல கெளம்பறவுங்களுக்கா?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. "தும்முனவுங்களுக்குத்தானுங்க" என்றார்.

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. விடவில்லை நான். ஏன் சொல்கிறார்கள், யார் ஆரம்பித்தது என்று கேட்டேன். டீச்சர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். தும்மும்போது உயிர் மூச்சோடு வெளியே வந்துவிடும் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பயந்தார்களாம். அது திரும்ப உள்ளே போய்ச் சேருவதற்காகச் சாமி பேரைச் சொல்வார்களாம். இன்னும் சிலர், தும்முகிற நொடியில் நெஞ்சுத் துடிப்பு நின்று போகும், அதனால்தான் என்பார்களாம். "இன்னொரு கதையும் இருக்குதுங்க" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க."

"வேண்டாமுங்க."

"அட, சொல்லுங்கன்னா!"

"ரோமாபுரியில முன்ன ஒரு காலத்துல பிளேக் வந்துச்சாமுங்க. மொத அடையாளமே தும்மல்தானாம். தும்முனவங்க பொழைக்க மாட்டாங்களாம். அப்ப அங்க இருந்த பெரிய குரு, பக்கத்துல யாரு தும்முனாலும் ஒடனே, 'கடவுள் உன்னைக் காப்பாத்தட்டும்'னு சொல்லோணும்னு கட்டளை போட்டாராமுங்க. நின்னு செபம் பண்றதுக்கு நேரமில்லீங்களே, அதனால ஒரே ஒரு வார்த்தை."

எனக்கு எரிச்சலாக வந்தது. "எங்கூட்ல யாரும் தும்மிச் சாகலீங்க டீச்சர். காச்சலும் நெறியும்தான் வந்துச்சு" என்றேன்.

"நான் படிச்சதத்தானுங்க சொல்றேன். நெசமோ பொய்யோ" என்றார் பாவம்.

நிசமோ பொய்யோ. நானும் அப்புறம் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்கு டீச்சர் போனதற்கு அப்புறம் மோர்ச் சொம்பைக் கழுவிக்கொண்டே நான் யோசித்தது இதைத்தான். அவர்கள் ஊரிலும் பிளேக் வந்திருக்கிறது. அவர்களும் தும்மலைக் கேட்டுக் குலைநடுங்கியிருக்கிறார்கள். ஆனால் பயந்துகொண்டே தும்மினவனைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் அன்றைக்கு வாசற்படியில் நின்று அவள் மூக்கைப் பார்த்தோம். வண்டியைப் பார்த்தோம். பஞ்சாங்கத்தைப் பார்த்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் கிட்டே வந்து உட்கார்ந்தாள். தானாக வந்து உட்காருவது அப்போதெல்லாம் அபூர்வம்.

"நாந் தும்மாம இருந்திருந்தா அன்னிக்கே போயிருப்போமுங்களா?" என்றாள்.

என்ன சொல்வது? தும்மலால் ஒன்றும் ஆகாது கண்ணு என்று சொல்லலாம். அது உண்மை. ஆனால் தும்மலால்தானே நின்றோம்? நின்றதால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லலாம். அது எனக்கே தெரியாது. எலி விழுவதற்கு முன்பே அவரை எலி மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சி கடித்திருக்கலாம். நின்ற அன்றைக்கு ராத்திரி கடித்திருக்கலாம். பிறகு எங்களுக்குப் பிளேக் ஊசி போடச் சாளைக்கு வந்த டாக்டர்கூட உறுதியாகச் சொல்ல முடியாது என்றுவிட்டார். இதையெல்லாம் அந்தச் சின்ன உயிரிடம் எந்தப் பக்கமிருந்து எடுத்துச் சொல்வது? எப்படிச் சொன்னாலும் கடைசியில் அவள் மூக்கில் வந்துதான் நிற்கிறது.

அதற்குள் அவளே சொன்னாள்: "அன்னிக்கு யாரும் எனக்கு நூறு சொல்லலீங்ம்மா."

"நூறு கண்ணு" என்றேன்.

"நீங்க இப்பச் சும்மா சொல்றீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஐயனும் சொல்லல. அப்பாரும் சொல்லல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் அப்பாவை ஐயன் என்றும், அப்பாவின் அப்பாவை அப்பாரு என்றும் கூப்பிடுவோம். ஐயன் இனிமேல் வந்து சொல்லப் போவதில்லை.

அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். யாராவது கதவைத் திறந்துகொண்டு வெளியே போவார்கள், தனக்குத் தும்மல் வந்துவிடும் என்று பயம். கிணற்றடியை விட்டு நகரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மூச்சையே அடக்கி அடக்கி விட்டாள். இதுவும் என் கையை விட்டுப் போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என் உடம்பு அசையவில்லை. அதுதான் கொடுமை.

அறுவடை முடிந்து மாமனார் பேத்தியைப் பார்க்க வந்தார். தாராபுரத்து வீட்டுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை, தோட்டத்துச் சாளையிலேயே தங்கிவிட்டார். கரூர் பஸ்ஸில் வெள்ளகோவிலில் ஏறி, நிலக்கடலை மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். ஆள் பாதியாக இருந்தார். மகள் கிணற்றடியிலிருந்து எட்டிப் பார்த்தாளே ஒழியக் கிட்டே வரவில்லை.

சாப்பாடு போட்டேன். அவர் கை கழுவி உட்கார்ந்ததும், என்னவோ எனக்கு உள்ளே கிடந்து கொதித்தது. மரியாதை கிரியாதை எதையும் பார்க்கவில்லை. "உங்க பேத்தி தும்மறதில்லீங்க மாமா. மூக்கப் புடிச்சுக்கறா. தும்முனா யாராச்சும் செத்துப் போயிருவாங்களாமா. வேலிக்கு அக்கட்ட நின்னு நம்ம சனம் கத்துன கத்து அப்படி. நீங்களும் நானும் கேட்டுட்டுத்தான் இருந்தோம். ஒருத்தரும் இந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லல" என்று சொல்லிப்போட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் முன்னால் நான் அவ்வளவு பேசினதில்லை.

அவர் தோள் துண்டால் கையைத் துடைத்தார். "பூவு செவப்பு வந்துச்சு அம்மணி" என்றார்.

"தெரியுமுங்க மாமா."

"நாஞ் சாமிகிட்டக் கேட்ட கேள்வி சரிதானான்னு இன்னிக்கு வரைக்கும் ரோசிக்கறேன்" என்றார்.

மத்தியானத்துப் பஸ்ஸுக்கு எழுந்தார். நான் மகளைக் கூப்பிட்டு, அப்பாரு கிளம்புகிறார் வந்து நில்லு என்று வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்தா அண்ணன் காலை ஷிப்ட் முடிந்து வர வேண்டும்? வந்தார். "வாங்க மாமா, கெளம்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே தோள் துண்டை உதறினார். பஞ்சுத் தூசி வெயிலில் பறந்தது.

மகள் மூக்கைப் பிடித்தாள். ஓடப் பார்த்தாள். வழியை அடைத்துக்கொண்டு அப்பாரு நிற்கிறார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. முகம் சிவந்து போய், விரலை மீறித் தும்மல் வெடித்து வந்துவிட்டது. ஒற்றைத் தும்மல். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றார் அண்ணன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் அதற்குள் சொம்பை எடுத்துவிட்டேன். எல்லாம் பழக்கம்.

மாமனார் குனிந்து தன் கால் இரண்டையும் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். சகுனம் பார்க்காமல் சந்தைக்குக்கூடப் போகாத மனுசன்.

"நூறு கண்ணு" என்றார். "என்ற தங்கமே, நூறு வருசம் நீ நல்லா இருக்கோணும்."

உள்ளே இருந்த காலை எடுத்து வெளியே வைத்தார். போய்விட்டார்.

"அப்பாரு, வந்து உக்காருங்க! அப்பாரு, போகாதீங்க!" என்று மகள் கத்திக்கொண்டு தெருவில் ஓடினாள். அவர் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி ஆட்டினார். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

அந்தப் பஸ் எங்கேயாவது குடை சாய்ந்துவிட்டால்? வயசான மனுசன், வழியில் தலை சுற்றி விழுந்துவிட்டால்? அப்படி ஒன்று நடந்துவிட்டால் இந்தப் பிள்ளையை எந்தச் சாமி வந்தாலும் மீட்க முடியாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் போனார். நான் சகுனத்தை நம்புகிறேனா இல்லையா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அறைந்திருப்பேன்.

மகள் அன்றைக்குச் சோறு தொடவில்லை. மறுநாள் கரூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பஸ் நேரத்துக்கு ரோட்டோரம் போய் நின்றுகொண்டாள். கூப்பிட்டாலும் வரவில்லை. நானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் கூடவே போய் நின்றேன். விதவை ரோட்டில் நிற்கிறாள் என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "இங்க மில்லு மேஸ்திரி ஊட்டுப் புள்ள யாருங்க?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க" என்றாள் மகள்.

"உங்கப்பாரு ஊடு போய்ச் சேந்துட்டாராமா கண்ணு. நல்லா இருக்கறாராமா. வேற யாருகிட்டயும் சொல்லக் கூடாது, புள்ளைகிட்டயே சொல்லோணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு" என்றார். ஒரு வெள்ளரிப் பிஞ்சுப் பையையும் நீட்டினார்.

வீட்டுக்கு வந்தோம். மகள் நேராக உள்ளே போனாள். ஆணியில் அண்ணனின் மில் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு அதை இழுத்து முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு நன்றாக மூச்சை இழுத்தாள்.

வீடே அதிரத் தும்மினாள்.

"நூறு" என்றேன்.

சட்டையிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள், நான் சும்மா சொல்கிறேனா என்று. மறுபடியும் தும்மினாள். "இருநூறு" என்றேன். இன்னொன்று. "முந்நூறு" என்று சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மகள் வந்து பக்கத்தில் நின்று, "முந்நூறு சொல்லுங்ம்மா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.